மணிக்கட்டை மட்டும் பார்த்தவன்

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. சமாதானம் பேச எழுதவில்லை. ஒரு கைக்கடிகாரத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். "இவனுக்கு வேறென்ன தெரியும்" என்று நீ முணுமுணுப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது.

போன வாரம் முதலாளி கடையில் இல்லாத நேரத்தில் ஒன்று வாங்கினேன். பழைய ஆட்டோமேட்டிக், ஸ்டாப்வாட்சும் சேர்ந்தது. எங்கள் தொழிலில் கிரோனோ என்போம். மஞ்சள் டயல், சுற்றிலும் பாதி நீலம் பாதி சிவப்பாக ஒரு வளையம். வலப்பக்கம் இரண்டு பொத்தான்கள். மேல் பொத்தானை அமுக்கினால் நடுவில் இருக்கிற நீள முள் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். கீழ்ப் பொத்தான் அதைத் திரும்பப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தும்.

இந்த ரகம் இப்போது கண்ணில் படுவதே அபூர்வம். படுவதிலும் பாதிக்கு மேல் ஒட்டுப்போட்டவை. ஒன்றின் டயல், இன்னொன்றின் முள், மூன்றாவதன் மூடி என்று சேர்த்து அசல் என்று தலையில் கட்டிவிடுவார்கள். அதனால் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அணு அணுவாகப் பார்த்தேன். டயலில் மறுபூச்சு இல்லை. எழுத்துகள் மெலிந்து கூராக இருந்தன. மூடியில் வெட்டிய எண்ணும் உள்ளே இருக்கிற எந்திரமும் ஒரே காலத்தவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் அதைப் பெட்டியில் வைக்கும்போதுதான் ஏதோ உறுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் உன் கல்யாணப் போட்டோவைத் தேடி எடுத்தேன். நான் வராத கல்யாணம். பதிவு அலுவலகத்தில் உன் வீட்டுக்காரர் குனிந்து கையெழுத்துப் போடுகிறார். முகம் தெரியவில்லை, தலைமயிரும் மீசை நுனியும்தான் தெரிகிறது. ஆனால் மேசைமேல் ஊன்றிய கை நன்றாகத் தெரிகிறது. அந்தக் கையில் மஞ்சள் டயல்.

பதறாதே. ஆயிரக்கணக்கில் செய்து விற்ற சாமான் அது. அவருடைய கடிகாரத்தில் ஏதாவது அடையாளம் உண்டா என்று மட்டும் எழுது. நான் பார்த்ததை முதலில் சொல்லமாட்டேன். சொன்னால் உனக்கும் அதுவே நினைவுக்கு வந்துவிடும். சாமான் வாங்குகிறவர்களிடம் தினமும் பார்க்கிறேன் இதை.

தம்பி


பிப்ரவரி 11

தம்பி,

உன் கடிதத்தை மருந்துக்கடையில் நின்றுகொண்டே படித்தேன். படித்த கையோடு ஒரு அம்மாவுக்கு இருமல் மருந்துக்குப் பதிலாக வேறு எதையோ எடுத்து நீட்டியிருக்கிறேன். நல்லவேளை, அவரே பாட்டிலைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "பதறாதே" என்று எழுதிவிட்டால் பதறாமல் இருந்துவிடுவேனா? மூன்று வருஷமாக அவரைப் பற்றி ஒரு சேதி கிடையாது. உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. நீ என்னடாவென்றால் பரீட்சைக்குக் கேள்வித்தாள் அனுப்புகிற மாதிரி அனுப்பியிருக்கிறாய்.

எழுதிக்கொள். அந்த வளையத்தில் மேலே இடப்பக்கம், நீலமும் சிவப்பும் சேருகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு அரிசி அளவுக்குப் பெயிண்ட் போயிருக்கும். மைதானத்தில் ஓட்டம் முடிகிற இடத்து இரும்புக் கம்பியில் இடித்துக்கொண்டது. கண்ணாடியின் விளிம்பில், தேதி தெரிகிற ஜன்னலுக்கு நேராக, நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. பொத்தான் இரண்டும் ஒரே மாதிரி, தட்டையான தலை, வெள்ளைவெளேர் என்று இருக்கும். அதை அமுக்கி அமுக்கித்தான் என் பிராணனை வாங்குவார். பால் பொங்க எவ்வளவு நேரம், நான் குளித்துவிட்டு வர எவ்வளவு நேரம், எல்லாவற்றுக்கும் கணக்கு. விளையாட்டு வாத்தியாரைக் கட்டிக்கொண்டால் வீடும் மைதானம்தான்.

இப்போது என் கேள்விக்கு நீ பதில் சொல். கொண்டுவந்தது யார்? அவரேவா? அவர் என்றால் உன்னைவிட ஒரு சாண் உயரம். வலது புருவத்தின் நடுவில் மயிர் முளைக்காமல் ஒரு பிளவு இருக்கும். பேச்சைத் தொடங்குவதற்கு முன் மூக்கைத் தடவுவார். நீ அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் உன் கடை விலாசம் அவருக்குத் தெரியும். நீ அனுப்புகிற கவர்களை எல்லாம் அவர்தான் பிரிப்பார்.

கீழ்வீட்டுக்காரர் போனுக்குக் கூப்பிட்டுவிடாதே. கூப்பிட்டால் நான் இறங்கிப் போவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். "ஓடிப்போன ஆளை விட்டுத் தொலை, வீட்டைக் காலி பண்ணிட்டு என்கூட வந்துடு" என்று நீ போனில் கத்தியதையே இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். நான் காலி செய்யவில்லை. அவர் வந்தால் தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டாமா?

உடனே எழுது.

அக்கா


பிப்ரவரி 16

அக்கா,

வளையத்தில் பெயிண்ட் போயிருக்கிறது, நீ சொன்ன இடத்திலேயே. கண்ணாடியில் கோடும் இருக்கிறது. ஆனால் பொத்தான்கள் ஒரே மாதிரி இல்லை. கீழ்ப் பொத்தான் அசல். மேல் பொத்தான் பித்தளையில் யாரோ கடைந்து, மேலே முலாம் பூசி மாட்டியது. தலை லேசாக உருண்டிருக்கிறது. லென்ஸ் இல்லாமல் தெரியாது. அதனால்தான் எனக்கு இன்னும் தயக்கம். இரண்டு அடையாளம் பொருந்தி மூன்றாவது பொருந்தாத சாமானை நம்பி நான் சூடு பட்டிருக்கிறேன்.

ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கொண்டுவந்த ஆள், "சித்தப்பாவோடது, ரொம்ப வருஷமா பெட்டியில கெடந்துச்சு" என்றார். விற்க வருகிறவர்கள் எல்லாருக்கும் இப்படி ஒரு சித்தப்பா உண்டு, நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தேதியும் கிழமையும்கூடச் சரியாக இருந்தன. இந்த ரகத்துக்குச் சாவி கொடுக்க வழியே கிடையாது. கை அசைந்தால் உள்ளே ஒரு தகடு சுழன்று அதுவே முறுக்கேற்றிக்கொள்ளும். கழற்றி வைத்தால் இரண்டு நாள்கூடத் தாங்காது. அப்படியென்றால் அன்று காலை வரைக்கும் அது யாரோ ஒருவர் கையில் இருந்திருக்கிறது.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். எனக்கு அந்த ஆளின் முகம் நினைவில்லை.

திட்டுவதற்கு முன் கேள். எங்கள் மேசையில் விளக்கு தாழ்வாகத் தொங்கும், வெளிச்சம் சாமான்மேல் மட்டும் விழும். ஆள் எதிரே இருட்டில் உட்காருவார். கை நீளும், கடிகாரம் வரும், நான் குனிவேன். அந்தக் கை நினைவிருக்கிறது. மெலிந்த கை. மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கடிகாரத்தின் தோல்வாரில் மூன்றாவது துளையில் பழைய மடிப்புத் தடம் ஆழமாக இருந்தது. ஆனால் கடைசித் துளைக்கும் உள்ளே ஆணியால் குத்திப் புதிதாக இரண்டு துளைகள் போட்டிருந்தார்கள். கட்டியிருந்தது அதில் இரண்டாவதில்.

நான் கடிகாரம் வாங்கியது முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சள் டயல் வந்தால் சொல்லச் சொல்லி ஒரு பல் டாக்டர் வெகுநாளாகக் காத்திருக்கிறாராம், மாதக் கடைசியில் வருகிறாராம். நான் எந்திரத்தைக் கழற்றிப் போட்டிருப்பதாகப் பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 20

உன் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன்.

அவர்தான். பொத்தான் பிறகு மாற்றியதாக இருக்கும். மூன்று வருஷம் அமுக்கினால் தேயாதா? இதுகூடத் தோன்றவில்லையா உனக்கு? வேறு எவனாவது கட்டியிருந்தான் என்று வைத்துக்கொண்டாலும், அந்த வாரில் ஆணியால் துளை போட்டுத்தான் கட்டியிருப்பானா? புது வார் வாங்கமாட்டானா? அவர்தான் எதையும் தூக்கி எறியமாட்டார்.

இரண்டு துளை உள்ளே போயிருக்கிறது என்று எவ்வளவு அழகாக எழுதுகிறாய். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் கை எப்படி இருக்கும் தெரியுமா? வாளி நிறையத் தண்ணீரை ஒரு விரலில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற கை அது. என்ன ஆச்சு அவருக்கு? காய்ச்சலா, பட்டினியா? இருமினாரா? குரல் எப்படி இருந்தது? எதிரே உட்கார்ந்திருந்த மனுஷரை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்க்க உனக்கு என்ன கேடு?

அவரிடம் படித்த அந்தப் பெண் மைதானத்தில் ஓடும்போது மயங்கி விழுந்தாளே, அன்றைக்கும் இதே கதைதான். நேரம் எடுக்கிறேன் என்று அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றப் பிள்ளைகள் கத்திய பிறகுதான் தலையைத் தூக்கினாராம். பள்ளிக்கூடத்து வாசலில் அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் அந்தப் பெண்ணின் அப்பா அவரைக் கன்னத்தில் அறைந்தார். விசாரணையில் அவர்மேல் தப்பில்லை என்றுதான் சொன்னார்கள். அந்தப் பெண்ணும் தேறிவிட்டாள், இந்தத் தெரு வழியாகத்தான் சைக்கிளில் வேலைக்குப் போகிறாள். ஆனால் அதற்குள் அவர் வீட்டை விட்டுப் போய்விட்டார். உனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம், சொல்லு. ஆளைப் பார்க்கத் தெரியாத இரண்டு பேர் எனக்கு வாய்த்திருக்கிறீர்கள்.

விற்கிற ஆள் சும்மாவா உட்கார்ந்திருப்பார்? ஏதாவது பேசியிருப்பார். நீயும் ஏதாவது சொல்லியிருப்பாய், உன் வாய் சும்மா இராது. ஒரு வார்த்தை விடாமல் எழுது.


பிப்ரவரி 25

அக்கா,

இதை எழுத இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். எழுதாவிட்டாலும் நீ விடப்போவதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வந்ததும் அவர், "கடையில வேற யாரும் இல்லையா?" என்று கேட்டார். "நான்தான் பாக்குறது, குடுங்க" என்றேன். உட்கார்ந்தார். பிறகு, "நீங்க இந்த ஊர்தானா?" என்றார். "இல்ல." "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார். விலையைக் கூட்டுவதற்காக இப்படிச் சொந்தம் கொண்டாடுகிறவர்கள் உண்டு. நான் டயலைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றேன். "கூடப்பொறந்தவங்க யாராச்சும்?" என்றார்.

"ஒரு அக்கா."

"எப்படி இருக்காங்க?"

அக்கா, அந்த நேரம் பார்த்து நான் பின்மூடியைத் திருகித் திறந்துகொண்டிருந்தேன். கத்தி வழுக்கினால் மூடியில் கோடு விழுந்துவிடும். முழுக் கவனமும் அதில்தான். வாய் பாட்டுக்குப் பேசியது. என்ன பேசியது என்றால், "எப்படி இருப்பா? புருஷன் சொல்லாம கொள்ளாமப் போயி மூணு வருஷம் ஆச்சு. அவன் வருவான் வருவான்னு அதே மாடி வீட்ல உக்காந்திருக்கா. வேற வீடு பாருன்னா கேக்க மாட்டேங்குறா. பைத்தியம். அந்த ஆளு மட்டும் என் கையில கெடைச்சான்னா..." அதற்குள் மூடி திறந்துகொண்டது, எந்திரம் தெரிந்தது. சொல்ல வந்ததை விட்டுவிட்டேன்.

விலை சொன்னேன். பேரம் பேசாமல், "சரி, எடுத்துக்குங்க" என்றார். பேரம் பேசாதவன் கொண்டுவருவது திருட்டுச் சாமானாக இருக்கும் என்று நானே மற்றவர்களுக்குச் சொல்லுவேன். அன்றைக்குப் புத்தி புல் மேயப் போயிருந்தது. எழுந்து வாசல் வரை போனார். திரும்பி நின்ற மாதிரி இருந்தது. நான் நிமிரவில்லை. மஞ்சள் டயலில் ஒரு கீறல்கூட இல்லையே என்று வியந்துகொண்டிருந்தேன்.

இப்போது யோசித்தால் எல்லாம் விளங்குகிறது. அவர் கடிகாரம் விற்க வரவில்லை. என்னைப் பார்த்துப் பேச வந்திருக்கிறார். கடிகாரம் ஒரு சாக்கு. அதை நீட்டினால் பேச்சு தொடங்கும் என்று நினைத்திருப்பார். நான் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிட்டேன்.

அந்தப் பொத்தானைக் கடைந்தவர் யார் என்று தேடத் தொடங்கியிருக்கிறேன். புதிதாகக் கடைந்தது, பித்தளை இன்னும் கறுக்கவில்லை. இந்த ஊரில் சின்னக் கடைசல் எந்திரம் வைத்திருக்கிற ரிப்பேர்க்காரர்கள் அதிகம் பேர் இல்லை. ஒவ்வொருவராகப் பார்க்கிறேன். மாற்றிக்கொண்டு போனவர் யார் என்று அவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. கண்டுபிடித்த பிறகு எழுதுகிறேன்.

தம்பி


மார்ச் 2

தம்பி,

பைத்தியம் என்றதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. நேரிலேயே சொல்லியிருக்கிறாய்.

"என் கையில் கிடைத்தால்" என்றாயே, அதைத்தான் நினைத்து நினைத்து உட்கார்ந்திருக்கிறேன். ஏற்கெனவே ஊர் பார்க்க அறை வாங்கிய மனுஷர். அந்த அவமானத்தில் வீட்டுக்குள்ளேயே ஒரு வாரம் ஜன்னலைத் திறக்கவிடாமல் கிடந்தவர். மூன்று வருஷம் கழித்துக் கொஞ்சம் தைரியம் வந்து, என்னிடம் நேராக வரப் பயந்துகொண்டு, உன் மூலமாக நூல் விட்டுப் பார்க்க வந்திருக்கிறார். அவர் காதில் விழுந்தது அது. இனி எந்த முகத்தோடு வருவார்?

உன்மேல் கோபம் இருக்கிறது. ஆனால் அதைக் காட்ட இது நேரமில்லை. தேடு. முதலாளி வேலையை விட்டு நிறுத்தினாலும் தேடு. கிடைத்தால் ஒன்றும் கேட்காதே, விளக்கம் சொல்லாதே, கடிகாரத்தைப் பற்றி வாயே திறக்காதே. நான் திட்டமாட்டேன் என்று மட்டும் சொல். அது பொய்தான், திட்டுவேன். ஆனாலும் அப்படியே சொல்.

நானே புறப்பட்டு வரலாம் என்று பையைக்கூட எடுத்துவிட்டேன். நான் அங்கே வருகிற நேரத்தில் அவர் இங்கே வந்து கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டால்? பையைத் திரும்ப மேலே வைத்துவிட்டேன். படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் கதவருகே போய் நிற்கிறேன். நேற்று வந்தவர் மின்கணக்கு எடுக்கிறவர். அவரையே முறைத்து அனுப்பினேன்.

அக்கா


மார்ச் 9

அக்கா,

ஆளைப் பிடித்தேன் என்று எழுதத்தான் நினைத்திருந்தேன்.

பொத்தான் கடைந்தவர் கிடைத்தார். ஒரு பழைய கட்டடத்தில் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். கடிகாரத்தைக் காட்டி, அசல் பொத்தான் போடாமல் இப்படிச் செய்திருக்கிறாரே என்று சொன்னதும் எகிறினார். "அசலுக்கு எங்க போறது? நான் கடைஞ்சதுதான் இனிமே அசல்" என்று ஒரே சத்தம். அவரைச் சமாதானப்படுத்தி விஷயத்துக்கு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில், அது சரக்குக் கிடங்கில் மூட்டை கட்டுகிற ஒருவருடையது என்றார். கிடங்கில் கேட்டேன், தங்கியிருக்கிற இடத்தைச் சொன்னார்கள்.

மூன்றாம் மாடியில் ஒரு அறை, மூன்று கட்டில். லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் மட்டும் இருந்தார். நான் போட்டோவைக் காட்டினேன். "குனிஞ்சிருக்காரே, இதுல என்னத்தைப் பாக்குறது" என்றார். புருவத்தில் பிளவு என்றேன். "அட, நம்ம வாத்தியாரு" என்றார்.

ஆனால் அவர் இல்லை. முந்தாநாள் காலையில் போய்விட்டாராம். கடிகாரத்தை விற்ற நாளிலிருந்தே ஒரு மாதிரிதான் இருந்தாராம். மாதம் முடிகிற வரைக்கும் வேலைக்குப் போய்விட்டு, பிறகு நின்றுவிட்டார். மெக்கானிக் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கட்டில எனக்குக் குடுத்துட்டாரு. ஸ்டவ்வு, வாளி, போர்வை எல்லாத்தையும் ஆளுக்கு ஒண்ணாப் பங்கு போட்டுட்டாரு. இனிமே எனக்குத் தேவைப்படாதுன்னாரு. எங்க போறீங்கன்னு கேட்டேன், சிரிச்சாரு."

"பை ஏதாவது எடுத்துக்கிட்டாரா?" என்றேன். பார்க்கவில்லை என்றார். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். ஒன்றும் இல்லையாம், ஒரு வேளைதான் சாப்பிடுவாராம், கேட்டால் பசியில்லை என்பாராம்.

இனிமேல் தேவைப்படாது என்று ஒரு மனுஷன் போர்வையைக் கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்க விரும்பவில்லை. ஆனால் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்டேஷனுக்கும் போனேன். எழுதிக்கொண்ட போலீஸ்காரர், "ஆள் எப்படி இருப்பார்?" என்று கேட்டார். நீ எழுதியதைத்தான் சொன்னேன், உயரம், புருவம், மூக்கைத் தடவுவார் என்று. "கடைசியா எப்ப பாத்தீங்க?" என்றார். எதிரே உட்கார வைத்துப் பேசினேன், ஆனால் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? "உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். "என் அத்தான்" என்றேன். இதுவரை அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை.

கடிகாரத்தை நானே எடுத்துக்கொண்டேன். முதலாளியோடு வாய்த்தகராறு ஆகிவிட்டது, அதை விடு. நாளை ரயில் பாதைப் பக்கம் விசாரிக்கும்படி அந்தப் போலீஸ்காரர் சொன்னார். போகப் பயமாக இருக்கிறது. ஆனால் போவேன்.

நீ தனியாக இருக்காதே. மருந்துக்கடையில் உன்னோடு வேலை செய்கிற அந்த அம்மாவை வந்து தங்கச் சொல்.

தம்பி


மார்ச் 13

தம்பி,

தேடுவதை நிறுத்து. ரயில் பாதைப் பக்கம் போயிருந்தால் திரும்பி வா.

உன் கடிதம் காலையில் வந்தது. போர்வை வரைக்கும் படித்தேன். அதற்குமேல் எழுத்து தெரியவில்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேலைக்குப் போகவில்லை. கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக்காரர்தான், காலையில் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதை கேட்க வந்திருக்கிறார் என்று எரிச்சலோடு திறந்தேன்.

அவர் நின்றுகொண்டிருந்தார். மீசை இல்லை. சட்டை யாரோ பெரிய ஆளுடையது மாதிரி தொங்கியது. மூக்கைத் தடவினார். நான் கதவை அடைத்துவிட்டேன்.

ஏன் அடைத்தேன் என்று கேட்காதே. மூன்று வருஷம் திறந்து வைத்திருந்த கதவு, அவரைப் பார்த்ததும் கை தானாக அடைத்துவிட்டது. அவர் போகவில்லை. படியில் உட்கார்ந்தது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வெளியிலிருந்தே பேசினார்.

"தெருமுனை வரைக்கும் நாலஞ்சு வாட்டி வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்" என்றார்.

"நீ அதே வீட்லதான் இருக்கேன்னு உன் தம்பி சொன்னான்" என்றார்.

"'அந்த ஆளு என் கையில கெடைச்சான்னா'ன்னும் சொன்னானே" என்றேன் உள்ளிருந்து. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவன் சொன்னது எதுவும் எனக்கு உறைக்கல" என்றார். "நீ இன்னும் இங்க இருக்கேங்கறது மட்டும்தான் காதுல விழுந்துச்சு. கேக்கணும்னு எத்தனையோ நாளா அந்தக் கடை வாசல்ல நின்னு நின்னு போயிருக்கேன். அன்னிக்குத்தான் கேட்டேன். அவன் குனிஞ்சே இருந்தான். நிமிந்து பாத்திருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன், எந்திரிச்சு ஓடியிருப்பேன்."

அப்புறம், "கட்டிலை ஏன் குடுத்தீங்க?" என்று கேட்டேன். "வீட்டுக்குத் திரும்பிப் போறவனுக்கு எதுக்குக் கட்டில்?" என்றார். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அவருக்குக் கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகுதான் மேசைக்கு வந்து இதை எழுதுகிறேன். கடிதம் முடிகிற வரைக்கும் படியிலேயே உட்காரட்டும். என்னை மூன்று வருஷம் உட்கார வைத்தவர் ஒரு கடிதத்துக்கு உட்காரமாட்டாரா? உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீ நிமிர்ந்து பார்க்காததற்கு உன்னை என்னென்னவோ சொன்னேன். அதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளமாட்டேன். ஆனால் பார்க்காமல் இருந்ததும் நல்லதுக்குத்தான் ஆனது.

கடிகாரத்தை இங்கே அனுப்பாதே. அந்தப் பல் டாக்டர் ஆசைப்படுகிறாரே, அவருக்கே கொடுத்துவிடு. முதலாளியிடம் போய்ப் பேசி வேலையைக் காப்பாற்றிக்கொள். இனி இந்த வீட்டில் யாரும் எதையும் அமுக்கி நேரம் பார்க்க வேண்டாம்.

அந்தப் பெண் தேறிவிட்டாள் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்க வேண்டும். சாப்பிட்டாரா என்று கேட்க வேண்டும். ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று கேட்க வேண்டும். அதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன். இன்னும் நாலு வரி உனக்கு எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் படியில் வெகுநேரமாக ஒரு சத்தமும் இல்லை. இருமல்கூடக் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது. நான் போய்ப் பார்க்கிறேன்.

இருக்கிறார். கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். எழுப்பப்போகிறேன்.